பழைய டெஸ்க்டாப்பை வீட்டு ரவுட்டராகவும் வைஃபை மையமாகவும் மாற்ற முடியுமா?

கேட்டவரிடம் இருப்பது 2012 வாக்கில் வாங்கிய ஐ3 டெஸ்க்டாப், 4 ஜிபி ரேம். வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். யாராவது போனிலிருந்து வீடியோ ஏற்றினால் இவருடைய ஆபீஸ் கால் திக்கித் திணறுகிறதாம்.

தாராளமாக மாற்றலாம். ஆனால் ரவுட்டர் வேலையை மட்டும் அந்தப் பெட்டியிடம் கொடுங்கள், வைஃபையைக் கொடுக்காதீர்கள். என் வீட்டிலும் இப்படித்தான் ஓடுகிறது.

வைஃபை ஏன் வேண்டாம்? கம்ப்யூட்டருக்கான வைஃபை கார்டுகள் பெரும்பாலும் சிக்னலை வாங்குவதற்காகச் செய்யப்பட்டவை. அதுவே மையமாக இருந்து மற்றவர்களுக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அதற்கு இடம் தர வேண்டும். இன்டெல் கார்டுகள் பலவற்றில் 5 கிகாஹெர்ட்ஸில் அது நடக்காது. ஏதரோஸ், மீடியாடெக் சிப் உள்ள சில கார்டுகள் நன்றாகவே செய்யும். ஆனால் தேடி வாங்க வேண்டும். வாங்கி மாட்டினாலும் ஆன்டெனா தகரப் பெட்டியின் பின்னால், மேஜைக்கு அடியில், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதைவிட இப்போது வீட்டில் இருக்கும் வைஃபை ரவுட்டரையே வைத்துக்கொள்ளுங்கள். அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றி, மற்ற கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, டெஸ்க்டாப்பிலிருந்து வரும் கேபிளை அதன் லேன் (LAN, வீட்டுப் பக்கம்) துளையில் செருகுங்கள். வேன் (WAN, இன்டர்நெட் பக்கம்) துளையில் செருகக் கூடாது. இனி அது வெறும் வைஃபை கொடுக்கும் பெட்டி. ஹாலின் நடுவில் உயரமான இடமாகப் பார்த்து வைத்தால் வீடு முழுக்க எட்டும்.

டெஸ்க்டாப்புக்கு நெட்வொர்க் துளை இரண்டு வேண்டும்: ஒன்று ஃபைபர் பெட்டிக்கு, இன்னொன்று வீட்டுப் பக்கத்துக்கு. மதர்போர்டில் ஒன்று இருக்கும். இரண்டாவதற்கு பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் ஒரு கிகாபிட் லேன் கார்டு வாங்கி மாட்டுங்கள். யுஎஸ்பி அடாப்டரும் வேலை செய்யும். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டிய பெட்டிக்கு உள்ளே மாட்டும் கார்டையே நான் நம்புவேன். பழைய வெள்ளை நிற பிசிஐ ஸ்லாட் மட்டும்தான் இருக்கிறதென்றால், அந்தப் பாதை முழுவதற்குமே நொடிக்கு 133 மெகாபைட்தான் எல்லை. 100 எம்பிபிஎஸ் இணைப்புக்கு அதுவே போதும்.

பிசியை ரவுட்டராக்கும் மென்பொருளில் பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டும் நல்லவை, ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் மேல் ஓடுபவை. உங்கள் தேவைக்கு நான் சொல்வது ஓப்பன்டபிள்யூஆர்டி. லிங்க்ஸிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்ற ரவுட்டரின் லினக்ஸ் மூலநிரல் வெளியானதிலிருந்து 2004-ல் கிளம்பிய திட்டம் அது. சாதாரண 64 பிட் பிசிக்கும் அதில் இமேஜ் (அப்படியே எழுதிப் பூட் செய்யும் கோப்பு) உண்டு. இறக்கி, ஈச்சர் என்ற செயலி மூலம் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்தே பூட் செய்யலாம். ஹார்ட் டிஸ்க்கே தேவையில்லை. முதல் துளை வீட்டுப் பக்கம், இரண்டாவது வெளிப்பக்கம் என்று எடுத்துக்கொள்ளும். பிரவுசரில் 192.168.1.1 திறந்ததும் முதல் வேலையாக பாஸ்வேர்டு வையுங்கள், ஏனென்றால் அது பாஸ்வேர்டே இல்லாமல்தான் வரும்.

இனி உங்கள் உண்மையான பிரச்சினைக்கு வருவோம். பதிவேற்றம் பாதையை நிரப்பும்போது பாக்கெட்டுகள், அதாவது தரவுத் துண்டுகள், ஃபைபர் பெட்டியின் வரிசையில் தேங்குகின்றன. உங்கள் குரல் அந்த வீடியோவுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. 100 எம்பிபிஎஸ் 200 ஆனாலும் இது முழுதாகத் தீராது. தீர்வு எஸ்க்யூஎம் (SQM), அதாவது இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் ஓப்பன்டபிள்யூஆர்டி வசதி. வேக எல்லையை நாமே 90 எம்பிபிஎஸ் என்று கொஞ்சம் குறைத்து வைத்தால், வரிசை ஃபைபர் பெட்டியை விட்டு நம் டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும். அங்கே கேக் (CAKE) என்ற முறை ஒவ்வொரு இணைப்புக்கும் நியாயமாகப் பங்கு பிரிக்கும். குரல் பாக்கெட் மாதிரி சின்னவை முன்னால் போய்விடும். 2018-லிருந்து லினக்ஸ் கெர்னலிலேயே கேக் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டையும் செயலி தொட்டுப் பார்க்க வேண்டிய வேலை என்பதால், விலை குறைந்த ரவுட்டர்களின் சின்னச் சிப்கள் இதில்தான் மூச்சு வாங்கும். உங்கள் ஐ3-க்கு இது ஒரு பொருட்டே இல்லை. பழைய டெஸ்க்டாப்பை எடுப்பதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த காரணம் இதுதான். முன்னும் பின்னும் வேவ்ஃபார்ம் தளத்தின் பஃபர்புளோட் (இப்படி வரிசையில் தேங்குவதன் பெயர்) சோதனையை ஓட்டிப் பாருங்கள், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

இணைப்பு கொடுத்தவர்களிடம் ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் மோடில் (ரவுட்டர் வேலை செய்யாமல் இணைப்பை மட்டும் கடத்தும்படி) போட்டுத் தரச் சொல்லி, இணைப்புக்குள் நுழைவதற்கான பிபிபிஓஇ (PPPoE) யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு வாங்குங்கள். அவர்கள் இணைப்புக்கு விலேன் (VLAN) எண் இருந்தால் அதையும் கேளுங்கள். மறுத்தால் டெஸ்க்டாப்பை அப்படியே ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் மாட்டலாம். பிரவுசிங், வீடியோ கால் எல்லாம் ஓடும். வெளியிலிருந்து வீட்டு கேமராவைத் தொடுவது மட்டும் சிக்கலாகும்.

கரண்ட் கணக்கையும் பார்த்துவிட்டு இறங்குங்கள். அந்தக் காலத்து ஐ3 பெட்டி சும்மா இருக்கும்போதே 40 வாட் இழுக்கிறது என்று வையுங்கள்: இரண்டு மாதத்துக்கு 57 யூனிட்டுக்கு மேல். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதில் பாதிக்கு மேல் இதற்கே போய்விடும். 10 வாட் ரவுட்டர் என்றால் 14 யூனிட்தான். கிராபிக்ஸ் கார்டு, டிவிடி டிரைவ், ஹார்ட் டிஸ்க் மூன்றையும் கழற்றினால் கொஞ்சம் குறையும். பென்டியம் 4 பெட்டியாக இருந்திருந்தால் வேண்டவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

அப்புறம், பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் வரும் அடிப்படை அமைப்புத் திரை) கரண்ட் போய் வந்தால் தானாக ஆன் ஆகும்படி ஒரு அமைப்பு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். கீபோர்டு இல்லாவிட்டாலும் நிற்காமல் பூட் ஆகும்படியும் மாற்றுங்கள். இவை நினைவில் நிற்க மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியைப் புதிதாக மாற்றிவிடுவது நல்லது; இத்தனை வருடத்தில் அது தீர்ந்திருக்கும். யுபிஎஸ் வாங்கினால் டெஸ்க்டாப்போடு ஃபைபர் பெட்டியையும் வைஃபை பெட்டியையும் அதிலேயே சேர்த்து மாட்டுங்கள்.