பல்கலைக்கழகம் நடத்தும் குடிப்பழக்க ஆய்வால் நோயாளிக்கு என்ன லாபம்?

எங்கள் ஊர் மறுவாழ்வு மையத்தோடு ஒரு பல்கலைக்கழகம் சேர்ந்து ஆய்வு செய்யப்போகிறது, பேப்பர் போட்டுப் பட்டம் வாங்கத்தானே இதெல்லாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரிதான். நானும் ஒரு மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர். ஒரு கல்லூரிக் குழு எங்களிடம் வந்து படிவம் நிரப்பி, குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதோடு சரி, என்ன கண்டுபிடித்தார்கள் என்று இன்றுவரை ஒரு வரி வரவில்லை.

ஆனால் கோவாவில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மனநல மருத்துவர் விக்ரம் படேலும் நண்பர்களும் 1996ல் தொடங்கிய சங்கத் என்ற தொண்டு நிறுவனம், லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் டிராபிக்கல் மெடிசின் என்ற பொதுச் சுகாதாரப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அளவு மீறிக் குடிக்கும் ஆண்கள் 377 பேர். பாதிப் பேருக்கு டாக்டரின் வழக்கமான கவனிப்பு, மீதிப் பேருக்கு அதோடு அதிகபட்சம் நான்கு முறை ஆலோசனை, ஒவ்வொன்றும் அரை மணி முக்கால் மணி நேரம். விஷயமே ஆலோசனை கொடுத்தவர்கள் யார் என்பதில்தான் இருக்கிறது: டாக்டரும் இல்லை, உளவியல் படித்தவர்களும் இல்லை, பயிற்சி கொடுத்துத் தயார்செய்த உள்ளூர் ஆட்கள். பேசியதை ரெக்கார்ட் செய்து, சக ஆலோசகர்களே உட்கார்ந்து கேட்டு மதிப்பெண் போட்டார்கள் (இதை எங்கள் மையத்தில் செய்தால் பாதிப் பேர் லீவு போட்டுவிடுவோம்).

2017ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. மூன்று மாதத்தில் குடி ஆபத்தில்லாத அளவுக்கு இறங்கியவர்கள் ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம், மற்றவர்களில் 26. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 54க்கு 32. குறையும் உண்டு, தொடர்ந்து குடித்தவர்கள் குடித்த அளவு குறையவில்லை, முற்றிய குடிநோயாளிகளை இந்த ஆய்வில் சேர்க்கவும் இல்லை. இருந்தாலும் இது சின்ன விஷயமில்லை. எய்ம்ஸ் நடத்திய 2019 தேசிய ஆய்வின்படி, குடிக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்திருக்கிறது. மனநல மருத்துவர் வந்து பார்ப்பார் என்று காத்திருந்தால் மிச்ச 37 பேர் என்ன ஆவது?

பணம் கொட்டினால் நடந்துவிடும் என்றும் இல்லை. அமெரிக்காவில் நான்கு மாநிலங்களில் 67 பகுதிகளைச் சேர்த்து, பல்கலைக்கழகங்களும் உள்ளூர் அமைப்புகளுமாக, 34 கோடி டாலருக்கு மேல் செலவழித்து ஓபியாய்டு (ஹெராயின் போன்ற அபின் வகைப் போதைப்பொருள்) சாவுகளைக் குறைக்கப் பார்த்தார்கள். 2024ல் வந்த முடிவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. கொரோனா, ஃபென்டானில் என்ற மிக வீரியமான ஓபியாய்டு என்று காரணங்கள் இருந்தன, ஆனால் தோற்றதை மறைக்காமல் வெளியிட்டார்களே, அதற்காகவே எனக்கு அந்த ஆய்வின் மேல் மரியாதை.

அப்புறம், லாபம் ஒரு பக்கம் மட்டும் இல்லை, பல்கலைக்கழகத்துக்கும் மையத்து ஆட்கள் வேண்டும். குடிப்பழக்கம் எவ்வளவு என்று மதிப்பெண் போட்டுப் பார்க்கும், உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் என்ற பத்துக் கேள்விப் படிவத்தில், ஒரு நாளைக்கு எத்தனை 'டிரிங்க்' என்று ஒரு கேள்வி. நம் ஆள் "ஒரு குவார்ட்டர்தான் சார்" என்பார், மாணவர் 1 என்று எழுதிக்கொள்வார். குவார்ட்டர் என்றால் 180 மில்லி, 42.8 சதவீதச் சரக்கில் கிட்டத்தட்ட 60 கிராம் ஆல்கஹால், படிவத்தின் கணக்கில் அது ஆறு டிரிங்க். தினமும் குவார்ட்டர் அடிப்பவருக்கு இந்த ஒரு தப்பால் அடுத்தடுத்த இரண்டு கேள்விகளில் ஆறு மதிப்பெண் குறைந்துவிடும், ஆளே ஆய்விலிருந்து நழுவிவிடலாம். இதெல்லாம் தினம் இவர்களோடு பேசுகிறவர்களுக்குத்தான் உறைக்கும்.

அதனால் உங்கள் ஊரில் கூட்டம் போட்டால் போய்க் கேளுங்கள். ஆய்வுப் பணம் தீர்ந்த பிறகு ஆலோசகருக்குச் சம்பளம் யார் தருவார்கள்? முடிவைத் தமிழில் எங்களுக்கு எப்போது சொல்வீர்கள்? கையெழுத்துப் போடாவிட்டால் சிகிச்சை கிடையாது என்று யாராவது மிரட்டினால் அது விதிமீறல், ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவுக்கு எழுதலாம், யாரைத் தொடர்புகொள்வது என்பது ஒப்புதல் படிவத்திலேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம்.