இலங்கைக் கடவுச்சீட்டோடு ஹாரோ கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாமா?

கேள்வி: வேலை விசாவில் லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டுதான் இருக்கிறது. கவுன்சில் தேர்தலில் எனக்கு வாக்கு உண்டா? நிரந்தர வதிவிட அனுமதியோடு என்னுடன் இருக்கும் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. நான் கூடப் போய் உதவலாமா?

பதில்: இருவருக்கும் வாக்கு உண்டு. இலங்கை, இந்தியா, மலேசியா போன்ற பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் 18 வயது நிரம்பி, செல்லுபடியான விசாவோடு இங்கே வசித்தால் போதும். பிரித்தானியக் குடியுரிமை தேவையில்லை. நாடாளுமன்றத் தேர்தலுக்கும் இதே விதிதான். இது தெரியாமலே பத்து வருடம் வாக்களிக்காமல் இருப்பவர்கள் நம்மவர்களில் நிறையப் பேர்.

ஆனால் பெயர் தானாக வாக்காளர் இடாப்பில் ஏறாது. கவுன்சில் வரி கட்டுகிறோமே, அதில் பெயர் இருக்குமே என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அரசாங்க இணையதளத்தில் தேசியக் காப்புறுதி எண்ணைக் கொடுத்து ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பதிய வேண்டும். அம்மாவிடம் அந்த எண் இல்லாவிட்டாலும் பதியலாம். கவுன்சில் வேறு ஆவணம் கேட்கும். வாக்களிப்பு நாளுக்கு 12 வேலை நாட்களுக்கு முன் நள்ளிரவோடு பதிவு முடிந்துவிடும். கவுன்சில் தேர்தல் நாளான 2026 மே 7-ஐ வைத்து எண்ணினால் அது ஏப்ரல் 20. நடுவில் வரும் வங்கி விடுமுறை கணக்கில் சேராது. லண்டனின் 32 பரோக்களிலும் (உள்ளூராட்சிப் பிரிவுகளிலும்) கவுன்சில் தேர்தல் நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் என்பதால், அந்த நாளைத் தவறவிட்டால் இடைத்தேர்தல் வந்தால்தான் உண்டு.

அடுத்த சிக்கல் அடையாள அட்டை. 2023 மே முதல் இங்கிலாந்தின் உள்ளூராட்சித் தேர்தல்களில் புகைப்பட அடையாளம் கட்டாயம். உங்கள் இலங்கைக் கடவுச்சீட்டு செல்லும். பொதுநலவாய நாடுகளின் கடவுச்சீட்டு எல்லாமே செல்லும். காலாவதியானாலும் பரவாயில்லை, படத்தில் இருப்பது நீங்கள்தான் என்று தெரிந்தால் சரி. பிரித்தானிய ஓட்டுநர் உரிமம், அம்மாவின் ஃப்ரீடம் பாஸ் (லண்டன் முதியோர் இலவசப் பயண அட்டை) ஆகியவையும் போதும். கைபேசியில் இருக்கும் ஈ-விசா, கடவுச்சீட்டின் நகல், வேலையிட அட்டை, இலங்கை ஓட்டுநர் உரிமம் எதுவும் செல்லாது. ஏற்கத்தக்க அட்டை எதுவும் இல்லாதவர், 6 வேலை நாட்களுக்கு முன் மாலை 5 மணிக்குள் விண்ணப்பித்தால் வாக்காளர் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்கும்.

தமிழ்ப் பெயர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். கடவுச்சீட்டில் தகப்பன் பெயரும் சேர்ந்து நீளமாக இருக்கும். இடாப்பில் சுருக்கி எழுதியிருப்பீர்கள், அல்லது முன்பின்னாக மாறியிருக்கும். சிறு வேறுபாட்டைப் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள், ஆனால் முடிவு வாக்குச்சாவடிப் பொறுப்பதிகாரியின் கையில். கடவுச்சீட்டில் உள்ளபடியே பதிந்துவிடுவது நல்லது. திருமணத்துக்குப் பின் பெயர் மாறியவர் திருமணச் சான்றிதழையும் கொண்டுபோக வேண்டும்.

வாக்குச்சாவடி காலை 7 முதல் இரவு 10 மணி வரை. தபாலில் வந்த வாக்காளர் அறிவித்தல் அட்டை (poll card) வீட்டில் கிடந்தாலும் வாக்களிக்கலாம். வாசலில் கட்சிப் பட்டை குத்தியவர் உங்கள் வாக்காளர் இலக்கத்தைக் கேட்பார். அவர் அதிகாரி அல்ல, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

ஹாரோவில் 22 வட்டாரங்களுக்கு 55 கவுன்சிலர்கள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் இரண்டு அல்லது மூன்று இடம். எத்தனை இடமோ அத்தனை பேருக்குப் புள்ளடி (X) இடலாம். குறைவாகவும் இடலாம், வெவ்வேறு கட்சிக்காரருக்குப் பிரித்தும் இடலாம். ஒன்று கூடினால் சீட்டு முழுவதும் நிராகரிக்கப்படும். இலங்கை நாடாளுமன்றத் தேர்தல்போலக் கட்சிக்கு ஒரு புள்ளடி, பிறகு விருப்பு வாக்கு என்பதெல்லாம் இங்கே இல்லை. 1, 2, 3 என்றும் எழுத வேண்டாம். வேட்பாளர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் வருவார்கள், அதனால் ஒரே கட்சியின் மூவரும் சிதறிக் கிடப்பார்கள். மேலே கண்ட ஒருவருக்கு மட்டும் இட்டுவிட்டு வெளியே வருபவர் மிச்ச இரண்டு வாக்கை வீணாக்குகிறார். பிழைத்துவிட்டால் பெட்டியில் போடாமல் திருப்பிக் கொடுங்கள், புதுச் சீட்டுத் தருவார்கள். வாக்கு சமமானால் சீட்டுக் குலுக்கல்தான்: 2017-இல் நார்தம்பர்லாண்ட் கவுன்சிலில் சவுத் பிளைத் இடத்தை வைக்கோல் துரும்பு இழுத்துத் தீர்மானித்தார்கள். அந்த ஒரு இடத்தால் கன்சர்வேட்டிவ் கட்சிக்குப் பெரும்பான்மை தவறியது.

அம்மாவோடு நீங்களாகவே வாக்குக் குறிக்கும் தடுப்புக்குள் நுழையாதீர்கள். 2023-இல் வந்த வாக்கு இரகசியச் சட்டப்படி, இன்னொருவரின் வாக்கைத் திருப்பும் எண்ணத்தோடு கூட நிற்பது குற்றம். பெற்றோர், கணவன், மனைவி யாருக்கும் விலக்கில்லை. வாசிக்க இயலாதவர் முதலில் பொறுப்பதிகாரியிடம் கேட்க வேண்டும். அவர் அனுமதித்தால், 18 வயது நிரம்பிய நீங்கள் உறுதிமொழிப் படிவத்தில் கையொப்பமிட்டு உதவலாம். ஒரு தேர்தலில் இரண்டு பேருக்கு மேல் முடியாது. விரும்பினால் அதிகாரியே அம்மா சொல்கிறபடி குறித்துக் கொடுப்பார்.

தபால் வாக்கும் ஒரு வழி. 11 வேலை நாட்களுக்கு முன் மாலை 5 மணிக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதில் அடிக்கடி கெடுவது பிறந்த திகதிக் கட்டம்: அன்றைய திகதியை எழுதிவிடுவார்கள், சீட்டை எண்ணவே மாட்டார்கள். கையொப்பமும் விண்ணப்பத்தில் இட்டதுபோலவே இருக்க வேண்டும். ஒரே மாதிரி ஒப்பமிட அம்மாவுக்குக் கை வராவிட்டால், கையொப்ப விலக்குக்கு விண்ணப்பத்தோடு சேர்த்தே கேளுங்கள். நிரப்பிய உறையைக் கவுன்சில் கட்டடத்தின் தபால் பெட்டிக்குள் சும்மா போட்டுவிட்டு வரக்கூடாது. நேரில் கொடுப்பதானால் படிவம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். படிவம் இல்லாத உறை நிராகரிக்கப்படும்.