ரீமேப் செய்த டீசல் கார் நீண்ட நாள் உழைக்குமா?

கேள்வி: "2017 மாடல் வென்டோ டீசல் வைத்திருக்கிறேன். 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ரீமேப் செய்தால் 25 சதவீதம் பவர் கூடும் என்கிறார்கள். இன்னும் ஆறேழு வருடம் இதே வண்டியைத்தான் ஓட்டப் போகிறேன். இன்ஜின் தாங்குமா?"

ரீமேப் என்றால் இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டரில் (ஈ.சி.யூ.) கம்பெனி போட்ட கணக்கை, அதாவது மேப்பை, மாற்றி எழுதிப் பவரைக் கூட்டுவது. இன்ஜின் பெரும்பாலும் தாங்கிவிடும். அதற்குப் பின்னால் இருக்கும் கிளட்சும் கியர்பாக்ஸும் தாங்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உங்கள் வண்டி மேனுவலா, டி.எஸ்.ஜி. ஆட்டோமேட்டிக்கா என்று நீங்கள் சொல்லவில்லை. என் பதிலில் பாதி அதைப் பொறுத்தது.

கோவையில் டீசல் கார்களுக்கான ஒர்க் ஷாப் வைத்திருக்கிறேன். ரீமேப் செய்து வருடக்கணக்கில் நன்றாக ஓடும் வண்டிகளும் சர்வீசுக்கு வருகின்றன, கட்டி இழுத்து வரும் வண்டிகளும் வருகின்றன. இரண்டையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

டி.எஸ்.ஜி. என்றால் வேண்டாம். உங்கள் 1.5 லிட்டர் டி.டி.ஐ. இன்ஜின் 110 பி.எஸ். பவரும் 250 நியூட்டன் மீட்டர் (என்.எம்.) டார்க்கும், அதாவது சுழற்றும் விசையும், தருகிறது. அதனுடன் வரும் 7 கியர் டி.எஸ்.ஜி.யின் பெயர் டி.க்யூ. 200. ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் இரண்டு கொண்டது. அந்த கியர்பாக்ஸ் வடிவமைக்கப்பட்ட டார்க் எல்லையே 250 என்.எம்.தான். அதாவது ஷோரூமிலிருந்து வெளியே வந்த அன்றே அது விளிம்பில் நிற்கிறது. இதன் மேல் 25 சதவீதம் கூட்டினால் 312 என்.எம். ஆகிவிடும். இதே ஃபோக்ஸ்வாகன் கம்பெனி 320 என்.எம். தரும் 2.0 லிட்டர் டீசலை ஜெட்டாவில் விற்றபோது, கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருக்கும் 6 கியர் டி.எஸ்.ஜி.யைத்தான் போட்டது. அந்த டார்க்குக்கு எந்த கியர்பாக்ஸ் வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. அவிநாசி ரோடு நெரிசலில் ஊர்ந்து போகும்போதே உலர் கிளட்ச் சூடாகும். அதே வண்டியில் டார்க்கையும் ஏற்றி, வழி கிடைத்ததும் மிதித்தால், அந்தச் சூட்டோடுதான் கிளட்ச் பிடிக்க வேண்டும். மாற்றும் செலவு ரீமேப்புக்குக் கொடுத்த காசைப் போலப் பல மடங்கு.

மேனுவல் என்றால் பேச இடமிருக்கிறது. ஆனால் 90,000 கி.மீ. ஓடிய கிளட்ச் அது. ரீமேப் செய்த சில வாரங்களில் "அண்ணா, ஆர்.பி.எம். ஏறுதுங்க, வண்டி போக மாட்டேங்குது" என்று வருகிறவர்கள் அதிகம். பாதி தேய்ந்த கிளட்ச் 250 என்.எம். வரை பிடித்துக்கொண்டிருக்கும், 300-ஐத் தாண்டினால் வழுக்கும். இன்ஜின் அதிர்வை உறிஞ்சும் ட்யூயல் மாஸ் ஃப்ளைவீல் இருக்கும் வண்டிகளில் அதுவும் சேர்ந்து அடி வாங்கும். நாலாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்.பி.எம். முள் மட்டும் தாவினால் கிளட்சின் காலம் முடிந்தது. ரீமேப்புக்கு முன்னாலேயே இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

இனி இன்ஜினுக்கு வருகிறேன். "கம்பெனி பவரை அடக்கி வைத்திருக்கிறது, நாங்கள் திறந்துவிடுகிறோம்" என்பது ரீமேப் விற்பவர்கள் எல்லோரும் சொல்வது. அடக்கி வைத்திருப்பது உண்மை. எதற்காக என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள். ராஜஸ்தானின் 45 டிகிரி வெயில், தரமில்லாத டீசல், ஐந்து பேரும் பெட்டிகளுமாக மலை ஏறும் நாள், அடைத்துப்போன ஏர் ஃபில்டர், லட்சம் கி.மீ.க்குப் பிறகு தேய்ந்த இன்ஜெக்டர் (டீசலைப் பீய்ச்சும் முனை) என்று இத்தனைக்கும் சேர்த்து விடப்பட்ட இடைவெளி அது. சாதாரண நாளில் அது சும்மா கிடப்பது போலத் தெரியும். அதை எடுத்துப் பவராக்கிவிட்டால், மேலே சொன்ன நாட்கள் வரும்போது கையில் எதுவும் இருக்காது.

ஒரு கணக்கு சொல்கிறேன். பழைய இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் 102 பி.எஸ். தருகிறது; லிட்டருக்கு 41 பி.எஸ். அளவில் வரும். டாக்சியாக ஓடி நான்கைந்து லட்சம் கி.மீ. கடந்த இன்னோவாக்கள் நம் ஊரில் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். உங்கள் வென்டோ இப்போதே லிட்டருக்கு 73 பி.எஸ். தருகிறது. 25 சதவீதம் ஏற்றினால் அது 92 ஆகும். இரண்டும் ஒரே வகை இன்ஜின் இல்லை, ஒப்பீட்டை ரொம்ப இழுக்கக்கூடாது. ஆனாலும் சின்ன இன்ஜினிலிருந்து எவ்வளவு கறக்கிறோம் என்பதை இது காட்டும்.

கூடுதல் டீசலும் கூடுதல் காற்றும் எரிந்தால் கூடுதல் சூடு. அந்தச் சூட்டைத்தான் பிஸ்டனும், ஹெட் கேஸ்கட்டும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவும் தாங்க வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். பிஸ்டன் செய்யும் அலுமினியக் கலவை அதற்கும் முன்பே இளகத் தொடங்கும். காற்று ஏறாமல் டீசலை மட்டும் ஏற்றிய மோசமான ரீமேப்பில் சைலன்சர் கரும்புகை தள்ளும். அந்தப் புகையை வேகத்தின் அடையாளமாக நினைத்துப் பெருமைப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது முழுசாக எரியாத டீசல். அந்தக் கரியில் ஒரு பங்கு ஆயிலிலும் கலக்கிறது.

டர்போ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் மலைப்பாதைகள் அதிகம். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கீழே இருக்கும் காற்றழுத்தத்தில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு அங்கே குறைந்துவிடும். கடல் மட்டக் காற்றழுத்தம் சுமார் ஒரு பார். இன்ஜினுக்குள் 2.2 பார் அழுத்தம் வேண்டுமென்றால், கடல் மட்டத்தில் டர்போ காற்றை 2.2 மடங்கு அழுத்தினால் போதும். ஊட்டியில் அதே 2.2 பாருக்கு ஏறக்குறைய 2.9 மடங்கு அழுத்த வேண்டும். ரீமேப்பில் 2.5 பார் கேட்டிருந்தால் 3.2 மடங்குக்கு மேல் போகும். ஏற்கனவே நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்றுவரை சுழலக்கூடிய குட்டி சக்கரம் அது. அதை இன்னும் விரட்டுகிறோம். வெளியே வரும் காற்றும் அதற்கேற்பக் கொதிக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி மெதுவாகப் போவதால் ரேடியேட்டருக்கும், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்கும் காற்றும் போதாது. கம்பெனி மேப் இதையெல்லாம் கணக்கில் எடுத்து, உயரம் ஏற ஏற அழுத்தத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேலை தெரிந்த ட்யூனர் (ரீமேப் செய்பவர்) அந்த அட்டவணையில் கை வைக்க மாட்டார். தெரியாதவர் அதையும் சேர்த்தே அழித்துவிடுவார். கீழே டெஸ்ட் டிரைவில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. கோத்தகிரி ஏறும்போதுதான் தெரியும். உங்கள் ட்யூனரிடம் கேட்க ஒரே ஒரு கேள்விதான் உண்டென்றால், உயரத்துக்கான திருத்தத்தை என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள்.

அடுத்தது, டார்க் எந்த ஆர்.பி.எம்.-இல் வருகிறது என்பது. விளம்பரத்தில் உச்ச எண் மட்டும்தான் இருக்கும். உங்கள் இன்ஜினில் முழு டார்க் 1,500-இலேயே வந்துவிடுகிறது. அந்தக் குறைந்த சுற்றில் பேரிங்குகளுக்கு இடையே ஆயில் படலம் மெல்லியதாக இருக்கும். சிலிண்டருக்குள் அழுத்தம் அங்கேயே எகிறினால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுக்கும் அதன் அடியில் இருக்கும் பிக் எண்ட் பேரிங்குக்கும்தான் அடி. அதே கூடுதல் டார்க் 2,000-க்கு மேல் மெல்ல ஏறினால் எல்லாவற்றுக்கும் நல்லது. ஓட்டும்போது பிக்கப் கொஞ்சம் குறைந்தது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

ட்யூனிங் பாக்ஸ் என்று ஒயரிங்கில் சொருகும் பெட்டி ஒன்று விற்கிறார்கள். அதில் பலவும் செய்யும் வேலை இதுதான்: இன்ஜெக்டர்களுக்கு டீசல் போகும் பொதுக் குழாயான ரயிலில் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டி ஈ.சி.யூ.வை ஏமாற்றுவது. ஈ.சி.யூ. பம்ப்பை இன்னும் அழுத்தச் சொல்லும். இந்தக் காலத்து காமன் ரயில் டீசல்களில் அந்த அழுத்தம் 1,600 பாரையும் தாண்டும். பம்ப்பும் இன்ஜெக்டரும் சேர்ந்து தேயும். ஈ.சி.யூ.வுக்கு உண்மை நிலவரம் தெரியாததால் பாதுகாப்புக் கணக்குகளும் தப்பாகிவிடும். இதை யாருக்கும் நான் பரிந்துரைப்பதில்லை.

ரீமேப்போடு சேர்த்துப் போடச் சொல்லும் திறந்த கூம்பு ஏர் ஃபில்டரும் வேண்டாம். பானெட்டுக்குள் இருக்கும் சூடான காற்றை இழுப்பதும், தூசியை உள்ளே விடுவதும்தான் மிச்சம். நுண்ணிய மணல் துகள் பிஸ்டன் ரிங்கை அரித்துவிடும்; பிறகு வண்டி ஆயில் குடிக்கத் தொடங்கும். ஃபில்டரில் தடவும் ஆயில் அதிகமானால் ஏர் ஃப்ளோ சென்சாரில் படிந்து வேறு தொல்லை தரும். 

செட்டிபாளையம் காரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓடும் ரேஸ் கார்களைக் காட்டி, "அதெல்லாம் தாங்கவில்லையா" என்று கேட்பார்கள். அந்த இன்ஜின்களின் ஆயுளை மணிக்கணக்கில் எண்ணுவார்கள். அடிக்கடி பிரித்துப் பார்த்து, தேவையானதை மாற்றித்தான் அடுத்த ரேஸுக்கு விடுவார்கள். ஆபீஸுக்குப் போய்வரும் காருக்கு அந்தப் பராமரிப்பு நடக்காது.

மேனுவல் வண்டிதான், செய்தே தீருவேன் என்றால் நான் சொல்லும் வழி இது. முதலில் இன்ஜெக்டர் ரிட்டர்ன் டெஸ்ட் (இன்ஜெக்டர் எவ்வளவு டீசலைத் திருப்பி விடுகிறது என்பது), கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தம்), டர்போ குழாய்களில் காற்று கசிகிறதா என்ற சோதனை, மூன்றையும் முடியுங்கள். ஒன்றில் குறை இருந்தாலும் அதைச் சரிசெய்யும்வரை ரீமேப் பேச்சே வேண்டாம். 25 சதவீதம் கேட்காதீர்கள்; டார்க்கை 280 என்.எம். அளவில் நிறுத்தச் சொல்லுங்கள். மேப் ஏற்றியபின் ஸ்கேனரை மாட்டி ஓட்டி, ஈ.சி.யூ. கேட்ட டர்போ அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒத்துப்போகிறதா என்று பதிவு எடுத்துக் காட்டாத இடத்தில் வண்டியை விட வேண்டாம். கையேட்டில் 15,000 கி.மீ. என்று இருக்கும் ஆயில் மாற்றத்தை 7,500-க்குக் கொண்டு வாருங்கள். மலை ஏறி நின்றதும் உடனே இன்ஜினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போ ஆறட்டும்.

சட்டப் பக்கமும் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லாமல் செய்தால், விபத்து நடந்து க்ளெய்ம் போடும்போது அதையே காரணமாகக் காட்டலாம். செய்வதற்கு முன் உங்கள் பாலிசியைப் படித்துப் பாருங்கள்.

ட்யூனர் முதலில் எடுக்கும் ஒரிஜினல் ஃபைலின் பிரதியைப் பென் டிரைவில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடை மூடிவிட்டாலோ, மேப்பில் கோளாறு வந்தாலோ, வேறு ட்யூனரிடம் கொடுத்துப் பழையபடி ஏற்றிக்கொள்ளலாம். கியர்பாக்ஸ் எது என்று கமெண்டில் எழுதுங்கள். டி.எஸ்.ஜி.யாக இருந்தால் ரீமேப்புக்கு வைத்திருக்கும் காசில் நல்ல டயர் நான்கு மாற்றலாம், சஸ்பென்ஷனையும் பார்த்துவிடலாம்.