பழைய அம்பாசடரின் பின்பக்கம் தொய்ந்து, அடியில் துருவும் ஏறியிருக்கிறது. கமான் பட்டையை (தகடுகளை அடுக்கிச் செய்த வளைந்த ஸ்பிரிங், லீஃப் ஸ்பிரிங்) மாற்றினால் போதுமா? எதிலிருந்து தொடங்குவது?

போதாது. பட்டையைத் தொடும் முன், அது பூட்டியிருக்கிற தகடு உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இந்த வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும்.

அம்பாசடருக்கு ஜீப், லாரி மாதிரித் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. அதன் மூலமான மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் சீரிஸைப் போல பாடியேதான் சேசிஸ். பின் ஆக்சிலைப் பிடித்திருப்பவை இரண்டு கமான் பட்டைகள். வண்டியின் எடையோடு, சக்கரம் தள்ளுகிற விசையும் பிரேக் இழுக்கிற விசையும் பட்டையின் முன்கண் (முன்முனையில் போல்ட் நுழைகிற வளையம்) வழியாகத்தான் பாடிக்குப் போகின்றன. அந்த முன்கண் போல்ட் நிற்கிற இடம் அரித்திருந்தால், புதுப் பட்டையின் விறைப்பு அதை இன்னும் சீக்கிரம் கிழித்துவிடும்.

முதலில் அளவெடுங்கள். சமதளத்தில் நிறுத்தி, நான்கு டயரிலும் சரியான காற்று வைத்து, பின் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரு பக்கமும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி, முன்கண்ணுக்கு முன்னால் உறுதியான இடத்தில் பாடிக்கு அடியில் ஸ்டாண்ட் வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை நம்பி ஒருபோதும் அடியில் படுக்காதீர்கள். அது எச்சரிக்கையே இல்லாமல் நொறுங்கும். ஆக்சிலுக்குத் தனியாக ஒரு ஜாக்கி வேண்டும்.

பிறகு சிறிய சுத்தியலால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு ‘ணங்’ என்று சொல்லும். அரித்த தகடு ‘பொத்’ என்று அமுங்கும். பழைய தார்ப்பூச்சு மேலே வழவழப்பாக இருக்கும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே செதில் செதிலாகத் துரு உதிரும். முன்கண் பிராக்கெட், பின் ஷேக்கிள் (பட்டையின் பின்முனையைப் பாடியோடு சேர்க்கும் ஆடுகிற இணைப்பு) மாட்டுமிடம், ஜாக்கி மாட்டும் இடம், கதவுக்குக் கீழ்ப்படி, டிக்கித் தரை ஆகியவற்றைத்தான் தண்ணீரும் சேறும் முதலில் பிடிக்கும்.

கழற்றுவதற்கு முந்தைய நாளே எல்லா நட்டுகளிலும் துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி வையுங்கள். ஷாக் அப்சார்பரின் கீழ்முனை, ஹேண்ட் பிரேக் கேபிள், பிரேக் ஹோஸ் மூன்றையும் விடுவித்த பிறகே ஆக்சிலை இறக்க வேண்டும். இல்லையென்றால் அதன் எடை முழுவதும் ஹோஸில் தொங்கும். பட்டை தளர்ந்த நிலைக்கு வந்த பிறகுதான் ஷேக்கிளையும் முன்கண் போல்ட்டையும் எடுக்கலாம். முன்கண் போல்ட் பெரும்பாலும் புஷ்ஷின் (கண்ணுக்குள் இருக்கும் ரப்பர் உறை) உள்குழாயோடு துருவேறி ஒட்டியிருக்கும். அடித்து அடித்து பிராக்கெட்டை வளைக்காமல், கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே இரு பக்கமும் அறுத்து எடுங்கள். போல்ட் மலிவு, பிராக்கெட் அப்படியல்ல.

வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டாங்கை முழுதாகக் கழற்றி வெளியே கொண்டுபோய்விடுங்கள். காலி டாங்க் இன்னும் ஆபத்து. வெடிப்பது உள்ளே நிற்கும் ஆவிதான். பாட்டரி இணைப்பையும் எடுத்துவிடுங்கள். அரித்த பகுதியை நல்ல தகடு வரும் வரை வெட்டி எறிய வேண்டும். துருவின் மேல் ஒட்டுப்போடுவது, மூடி வைத்து வளர்ப்பதற்குச் சமம். தரைக்கு 18 கேஜ், பட்டை மாட்டுமிடத்துக்கு 16 கேஜ் தகடு (கேஜ் எண் குறைந்தால் தடிமன் கூடும்) சரியாக இருக்கும். கேஸ் வெல்டிங் வேண்டாம், சூட்டில் தகடு நெளியும். சிஓ2 வெல்டிங்கில் (கார்பன் டை ஆக்சைடு வாயுக் காப்பில் கம்பியை உருக்கி ஒட்டும் முறை) சிறு சிறு தையலாக, இடம் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். கீழ்ப்படியை வெட்டுவதென்றால் கதவு வாயிலில் குறுக்குக் குழாய் வைத்து இறுக்கிய பிறகே வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் கதவு மீண்டும் பொருந்தாது. புது பிராக்கெட்டை முழுதாக ஒட்டும் முன், இடது முன்கண்ணிலிருந்து வலது ஷேக்கிளுக்கும், வலது முன்கண்ணிலிருந்து இடது ஷேக்கிளுக்கும் மூலைவிட்டம் அளந்து பாருங்கள். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஆக்சில் கோணலாக நிற்கும், வண்டி நேராக ஓடாது.

இனி பட்டை. செட்டைப் பிரித்து ஒவ்வொரு தகட்டையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு, நடுத்துளையைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கீழ்த் தகட்டின் நுனி மேல் தகட்டில் பள்ளம் தோண்டியிருந்தால், அங்கேதான் அது ஒரு நாள் உடையும். தொய்ந்த பட்டையை கேஸ் அடுப்பில் சுட்டு வளைத்துத் தரும் கடைகள் உண்டு. சுட்ட பிறகு முறையாக எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தாவிட்டால் சீக்கிரமே மீண்டும் தொய்யும். கூடுதலாக ஒரு தகடு சொருகுவதும் தீர்வல்ல. சவாரி விறைத்து, அடி முழுவதும் நீங்கள் இப்போதுதான் ஒட்டிய தகட்டுக்குப் போகும். வாங்கினால் இரு பக்கமும் சேர்த்தே வாங்குங்கள்.

யூ போல்ட் (பட்டையை ஆக்சிலோடு சேர்த்துக் கட்டுவது), சென்டர் போல்ட் (பட்டைத் தகடுகளை நடுத்துளையில் ஒன்றாகப் பிடிப்பது), எல்லா ரப்பர் புஷ்களும் கட்டாயம் புதிது. யூ போல்ட் ஒருமுறை இறுக்கினால் நீண்டுவிடும். சென்டர் போல்ட்டின் தலை ஆக்சில் பீடத்தின் குழியில் சரியாக உட்கார்ந்ததா என்று கையால் தடவிப் பார்த்த பிறகே யூ போல்ட்டைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். புஷ்களுக்கு கிரீஸோ ஆயிலோ தடவாதீர்கள், சோப்புத் தண்ணீர் போதும். ஷேக்கிள், முன்கண் நட்டுகளை மட்டும் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, எடை முழுதும் சக்கரத்தில் ஏறிய பிறகு இறுக்க வேண்டும். தூக்கிய நிலையிலேயே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையில் மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். பின்பக்கமும் சரியான உயரத்துக்கு வராது. புதுப் பட்டைக்குப் பிறகும் ‘தட்தட்’ சத்தம் வருகிறது என்று சொல்லும் வண்டிகளில் நான் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

ஆக்சில் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போதே அதன் காற்றுத்துளையைச் சுத்தம் செய்யுங்கள். அது அடைத்தால் உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் சீலைத் தாண்டி பிரேக் லைனிங்கில் இறங்கும். டிஃபரன்ஷியலுக்கு (ஆக்சிலின் நடுவே இருக்கும் கியர் பெட்டி) ஹைப்பாய்டு 90 ஆயில். துருவேறிய பிரேக் குழாயையும் இப்போதே மாற்றுங்கள், பூச்சு அடித்து மறைக்காதீர்கள்.

பூச்சுக்கு வரிசை இது: தகட்டைப் பளபளக்கத் தேய்த்து, குழி விழுந்த இடத்தில் பாஸ்பாரிக் அமிலக் கலவை தடவி, கழுவி, நன்றாக உலர்த்தி, எபாக்சி பிரைமர் இரண்டு கோட். அது காய்ந்த பிறகு மூட்டுகளில் சீலண்ட், அதன்மேல் கல்லடி தாங்கும் அண்டர் கோட்டிங். தார் வேண்டவே வேண்டாம். இறுகி வெடித்து, வெடிப்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கும். பெட்டி போல மூடிய தகடுகளின் உள்ளே வடிகால் துளை வழியாக மெழுகு ஸ்ப்ரே அடியுங்கள். துரு பிறப்பது உள்ளேதான். வடிகால் துளைகளை மட்டும் பூச்சால் அடைத்துவிடாதீர்கள். வாட்டர் சர்வீஸில் பழைய ஆயிலை அடியில் அடித்துத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள், புது ரப்பர் புஷ் ஊறி உப்பிப்போகும்.

500 கி.மீ. ஓடிய பிறகு யூ போல்ட்டை மறுபடி இறுக்கி, முதலில் அளந்த அதே இடத்தில் உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள். இடது, வலது உயரங்கள் ஒன்றுக்கொன்று 10 மி.மீ.க்குள் ஒத்துப்போனால் வேலை சரி.