அந்தக் கிட்டார் யாருக்குச் சேர வேண்டியது?

அன்புள்ள சார்,

பிளஸ் டூ படிக்கும் என் மகள் வற்புறுத்தியதால் 'கிவன்' என்ற ஜப்பானிய அனிமே தொடரைப் பார்த்தேன். 11 அத்தியாயங்கள், இரண்டே இரவில் முடிந்துவிட்டது. ஒரே ராக் இசைக்குழுவில் இருக்கும் இரண்டு பையன்களின் காதல் கதை. ஆரம்பத்தில் எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் அந்தப் பையன் மேடையில் பாடியபோது அழுதுவிட்டேன். முடிந்ததும் மகளிடம், "இதுல ஒருத்தனைப் பொண்ணா மாத்தியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" என்று கேட்டேன். "உனக்கு ஒண்ணுமே புரியலம்மா" என்று எழுந்து போய்விட்டாள். இரண்டு நாளாகச் சரியாகப் பேச்சில்லை. நான் கேட்டது தப்பா? இன்னொன்று, இந்த மாதிரிக் கதை என்றால் யாராவது ஒருவர் செத்துத்தான் ஆக வேண்டுமா?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார்.)

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்டது தப்பே இல்லை. ஆனால் என் பதில், நிறையவே குறைந்திருக்கும் என்பதுதான்.

முதல் அத்தியாயத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பள்ளிக்கூட மாடிப்படியில் மஃபுயு என்ற பையன் ஒரு சிவப்புக் கிட்டாரைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். கம்பிகள் துருப்பிடித்து அறுந்து கிடக்கின்றன. அங்கே தூங்க வந்த உவெனோயாமா, நல்ல கிட்டாரை இப்படியா வைத்திருப்பாய் என்று பதறுகிறான். அவன் கிட்டார் பைத்தியம். தானே புதுக் கம்பி மாட்டிச் சுருதி சேர்த்து, ஒருமுறை எல்லாக் கம்பியையும் மீட்டிக் காட்டுகிறான். அந்த ஒலி கேட்டதும் மஃபுயுவின் கண்கள் விரிவதைக் கவனித்தீர்களா? அதுவரை அந்தப் பையனின் முகத்தில் எதுவுமே இல்லை.

கிட்டார் வாசிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். புதுக் கம்பி மாட்டிய உடனே சுருதி நிற்காது. கம்பி இழுபட்டு நீளும், சுருதி இறங்கும். மறுபடி முறுக்க வேண்டும், சற்று நேரத்தில் மறுபடியும். ஓரிரு நாள் அப்படித்தான் இருக்கும். இந்தத் தொடர் முழுக்க மஃபுயு அந்தப் புதுக் கம்பி மாதிரிதான் எனக்குப் பட்டான். கொஞ்சம் தேறுகிறான், உடனே இறங்கிப்போகிறான். உவெனோயாமாவும் சலிக்காமல் மறுபடி வந்து பக்கத்தில் உட்காருகிறான்.

அந்தக் கிட்டார் யூகியுடையது. மஃபுயுவின் பால்ய நண்பன், காதலன். பார்ட்-டைம் வேலை செய்து சம்பாதிக்க ஓடிக்கொண்டிருந்தவனோடு, எனக்கு உன் நேரம் இல்லையே என்று மஃபுயு சண்டை போட்டான். எல்லாக் காதலர்களும் போடுகிற சண்டைதான். கோபத்தில் ஒரு வார்த்தை விட்டான். அதன்பிறகு யூகி தன் உயிரை மாய்த்துக்கொண்டான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு மஃபுயுவுக்கு எந்த வார்த்தையும் வரவில்லை. உவெனோயாமாவின் இசைக்குழுவில் பாடகனாகச் சேர்ந்த பின்னும், மெட்டு தயாராக இருந்தும், மேடை ஏறும் நாள்வரை அவனால் பாட்டுக்கு வரி எழுத முடியவில்லை.

உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. ஒரு சாவு வீட்டில் யார் எங்கே உட்காருகிறார்கள் என்பதிலேயே, செத்தவருக்கு அவர் என்ன முறை என்பது தெரிந்துவிடும். மஃபுயுவுக்கு அங்கே எந்த இடம்? கேட்பவர்களுக்கு அவன் 'நண்பன்'. அவன் ஒரு பெண்ணாக இருந்திருந்தால், பதினாறு வயதென்றாலும், "பாவம், அவன் காதலி" என்று நாலு பேராவது வந்து கையைப் பிடித்திருப்பார்கள். இவன் துக்கம் வேறு பள்ளியிலிருந்து வதந்தியாக வந்து சேருகிறது. உவெனோயாமாவுக்கே அது வகுப்பில் ஒரு பெண் சொல்லித்தான் தெரிகிறது. மஃபுயு சொல்லவில்லை. சொல்ல வேண்டுமென்றால் முதலில் தான் யார் என்று சொல்ல வேண்டுமே!

இறந்தவரை எண்ணி ஆற்றாமல் பாடுவதை நம் பழைய தமிழ் இலக்கணத்தில் கையறுநிலை என்று வைத்தார்கள். கை செயலற்றுப்போதல். அந்தச் சொல்லின் நேர்ப்பொருளை நான் கண்ணால் பார்த்தது அந்த மாடிப்படியில்தான். கையில் கிட்டார் இருக்கிறது, வாசிக்கத் தெரியவில்லை. கீழே வைக்கவும் மனமில்லை.

நீங்கள் அழுத ஒன்பதாம் அத்தியாயத்தின் பாட்டுக்கு 'ஃபுயு நோ ஹனாஷி' என்று பெயர், குளிர்காலத்தின் கதை. இதில் பெயர்களின் விளையாட்டு ஒன்று உண்டு. ஜப்பானிய எழுத்தில் மஃபுயு என்றால் நடுக்குளிர்காலம். உவெனோயாமாவின் முதற்பெயர் ரிட்சுகா. கோடை தொடங்கும் நாளைக் குறிக்கும் அதே எழுத்துகள்தான் அவன் பெயருக்கும். பேஸ் வாசிக்கும் ஹருகியின் பெயரில் வசந்தம், டிரம்ஸ் வாசிக்கும் அகிஹிகோவின் பெயரில் இலையுதிர்காலம். நாலு பேர், நாலு பருவம். யூகி என்பது எழுத்தில் வேறாக இருந்தாலும், காதால் கேட்டால் 'பனி' என்ற சொல்லாகவே ஒலிக்கும். குளிர்காலத்துக்குள் உறைந்துபோன பனி. இந்தக் கதையை முதலில் மங்காவாக, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையாக வரைந்து, அந்தப் பெயர்களை வைத்த ஓவியர் நட்சுகி கிசுவின் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

இரண்டாவது கேள்வி நியாயமானது. ஆண்களின் காதலைச் சொல்லும் கதைகளில் ஒருவர் செத்துப்போவது பழைய வழக்கம். ஜப்பானில் 1970-களில் சிறுமிகளுக்கான மங்காவில், பெண் ஓவியர்கள் கையில் இந்த வகை வளர்ந்தபோதே சாவு அதோடு ஒட்டிக்கொண்டது. காதலைக் காட்டிவிட்டு, அதற்குத் தண்டனையாகக் கடைசியில் கொல்வது. அந்த வகையை நானும் வெறுக்கிறேன். ஆனால் 'கிவன்' கதையில் சாவு கடைசியில் வரவில்லை. கதை தொடங்கும் முன்பே நடந்து முடிந்துவிட்டது. மற்றவர்கள் முற்றும் போடும் இடத்துக்குப் பிறகுதான் இந்தக் கதையே ஆரம்பிக்கிறது. மஃபுயு சாப்பிடுகிறான், நாய்க்குட்டியோடு நடக்கிறான், பாடுகிறான், திரும்பக் காதலிக்கிறான். யூகியை மறந்தால்தான் உவெனோயாமாவைக் காதலிக்கலாம் என்று தொடர் அவனிடம் எங்கேயும் கேட்பதில்லை. செத்தவன்மேல் உவெனோயாமாவுக்கு வரும் பொறாமையைக்கூட மறைக்காமல் காட்டுகிறார்கள்.

எனக்கும் ஒரு குறை உண்டு. வெளியுலகம் இதில் ரொம்பச் சாதுவாக இருக்கிறது. பெரியவர்கள் யாரும் எதிர்த்து நிற்பதில்லை. அகிஹிகோ ஓர் ஆணைக் காதலித்தவன், இன்னும் அவனோடுதான் ஒரே வீட்டில் இருக்கிறான். அதற்காக ஒருவரும் முகம் சுளிப்பதில்லை. நிஜ ஜப்பான் அப்படி இல்லை. ஃபுஜி டிவியின் 'நோய்டமினா' என்ற பின்னிரவு நேரத்தில் முதல் ஆண்-ஆண் காதல் தொடராக இது வந்தது 2019 ஜூலையில். அதே ஆண்டு பிப்ரவரி 14 அன்றுதான் 13 ஜோடிகள் டோக்கியோ, ஒசாகா, நகோயா, சப்போரோ நீதிமன்றங்களில் திருமண உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்த உரிமையை மறுப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 2021 மார்ச் 17-இல் சப்போரோ மாவட்ட நீதிமன்றம் சொன்னது. அதன்பின்னும் சட்டம் உடனே மாறிவிடவில்லை. திருமணம் இல்லையென்றால், எத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தாலும் துணை என்ற முறையில் வாரிசாக நிற்க முடியாது.

வாரிசு என்றதும் எனக்கு ஞாபகம் வருவது யூகியின் அம்மா. தொடரில் வருவதே கொஞ்ச நேரம்தான். மகன் போனபின் அவன் கிட்டாரை வீட்டில் நினைவுக்காக வைத்துக்கொள்ளலாம், விற்கலாம், அவனோடு இசைக்குழுவில் இருந்த பையன்களுக்குத் தரலாம். வாசிக்கவே தெரியாத மஃபுயுவிடம் கொடுத்தார். 'கிவன்' என்றால் கொடுக்கப்பட்டது என்றுதானே அர்த்தம். என் மகனுக்கு நீ யார் என்று எனக்குத் தெரியும் என்பதை அந்த அம்மா அப்படித்தான் சொன்னார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். அந்த இடத்தில் ஒரு பெண் இருந்திருந்தால் அது ஒரு நினைவுப்பொருள், அவ்வளவுதான். மஃபுயுவுக்கு அது ஒன்றுதான் சான்று.

மகள் ஏன் எழுந்து போனாள் என்று நான் ஊகிக்க மாட்டேன், நீங்களும் ஊகிக்க வேண்டாம். 2020-இல் வந்த திரைப்படம் ஒன்று இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், ஹருகி, அகிஹிகோவின் கதை. அதை இன்னும் பார்க்கவில்லை, கூட உட்காருகிறாயா என்று கேட்டுப்பாருங்கள்.

அன்புடன்.