வாசகர் கேள்வி – பதில்: கோட்டை மண்டபத்துக்கு எந்த பிலிம்?

கேள்வி: அப்பாவின் பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் கோடாக் கோல்டு 200 ரோல் போட்டு, வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபத்தை அனுமதி பெற்று எடுத்தேன். யாளித் தூண்கள் கறுத்துப்போய், புள்ளிபுள்ளியாக வந்திருக்கின்றன. அடுத்து ஸ்லைடு பிலிம் போடலாமா, கறுப்பு வெள்ளைக்குப் போகலாமா?
– வாசகர், காட்பாடி

பதில்: அந்த இடத்துக்கு ஸ்லைடு (கழுவியதும் நெகடிவாக இல்லாமல் நேர்ப்படமாகவே தெரியும் பிலிம்) வேண்டவே வேண்டாம். நண்பகலில் வெளுத்துக் கிடக்கும் பிராகாரத் தரைக்கும் தூண்களிடையே தேங்கும் நிழலுக்கும் உள்ள ஒளி வேறுபாட்டை எக்டாக்ரோம் இ100 போன்ற ஸ்லைடு பிலிம் தாங்காது. ஒளி சற்றே கூடினாலும் வெளிச்சப் பகுதிகள் வெளுத்துவிடும், பிறகு அவற்றை மீட்க வழியில்லை. நீங்கள் போட்ட கோல்டு 200 போன்ற நெகடிவ் பிலிமின் குணம் இதற்கு நேர்மாறானது; கூடுதல் ஒளியைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்த ஒளியைப் பொறுக்காது. உங்கள் யாளிகள் கறுத்ததற்குக் காரணம் பிலிம் அல்ல. வெளியே தெரிந்த வெயிலையும் சேர்த்துக் கணக்கிட்ட மீட்டர் (கேமராவின் ஒளிமானி), நிழலுக்குப் போதிய ஒளி தராமல் விட்டிருக்கிறது.

இம்முறை இல்ஃபோர்டு எச்.பி.5 பிளஸ் என்ற கறுப்பு வெள்ளை பிலிமைப் போட்டு, அதன் வேகமான (ஐ.எஸ்.ஓ.) 400 என்பதற்குப் பதிலாக மீட்டரில் 200 என வைத்துக்கொள்ளுங்கள். தூணருகே சென்று, யாளியின் நிழல்பட்ட மார்பு மட்டும் வியூஃபைண்டரில் நிறையுமாறு பார்த்து மீட்டரைப் படித்து, அந்த அளவிலிருந்து இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்) குறைத்து எடுங்கள். நிழல் நிழலாகவே இருக்கும், ஆனால் உளி வேலை தெரியும். கழுவும்போது டெவலப்பர் (படத்தை வெளிக்கொணரும் ரசாயனம்) நேரத்தை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வெயில்பட்ட தரையும் அடங்கிவிடும். மாலையில் அதே பிலிமை மீட்டரில் 1600 என வைத்து எடுத்து நீண்ட நேரம் கழுவலாம் என்று பலர் சொல்வார்கள். அப்படிக் கழுவினால் மாறுபாடுதான் ஏறுமே தவிர, பிலிமில் பதியாத நிழல் விவரம் எங்கிருந்தும் வந்துவிடாது. கேமரா முக்காலிக்கு (டிரைபாட்) அனுமதி கிடைத்தால் அதுவே மேல். ஒரு விநாடிக்கு மேல் போகும்போது பிலிமின் உணர்திறன் தளர்வதால், மீட்டர் 10 விநாடி காட்டினால் எச்.பி.5-க்கு 20 விநாடி கொடுக்க வேண்டும்.

சோதனை செய்வதானால் ஒரே தூண், ஒரே வேளை, ஒரே டெவலப்பர் என்று வைத்து பிலிமை மட்டும் மாற்றுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் எது நேர்ந்தது என்பது கடைசிவரை விளங்காது.

கேள்வி: கறுப்பு வெள்ளை பிலிமை வீட்டிலேயே கழுவுகிறேன். கோடையில் தொட்டித் தண்ணீரே சுடுகிறது. 20 டிகிரிக்கு எங்கே போவது?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: 20 டிகிரியைத் துரத்த வேண்டாம், 24 போதும். இல்ஃபோர்டு ஐ.டி.-11 டெவலப்பரைச் சம அளவு தண்ணீரில் கலந்தால், 400-இல் எடுத்த எச்.பி.5-க்கு 20 டிகிரியில் 13 நிமிடம் ஆகும், 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கினால் பிலிம் திட்டுத்திட்டாகக் கழுவப்படும் என்பதால், நீர்த்த கரைசலே நம் ஊருக்கு ஏற்றது. ஐஸ் பாட்டில்கள் மிதக்கும் அகன்ற தொட்டியில் டெவலப்பர், ஃபிக்ஸர் (படத்தை நிலைப்படுத்தும் கரைசல்), அலசும் தண்ணீர் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து ஒரே சூட்டுக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த டெவலப்பரிலிருந்து எடுத்துச் சுடுகிற குழாய்த் தண்ணீரில் அலசினால் ஜெலட்டின் படலம் சுருங்கி வெடிப்பு விடலாம். வண்ண நெகடிவுக்கான சி-41 முறை 38 டிகிரியில் நடப்பதால், வட ஆர்க்காட்டு மே மாதத்தில் அதற்குத்தான் சிரமம் குறைவு!

கேள்வி: மூடிவிட்ட ஸ்டுடியோ ஒன்றிலிருந்து பிரிக்காத ‘இந்து’ கறுப்பு வெள்ளை ரோல் கிடைத்தது. இனி அது பயன்படுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உதகையில் இருந்த ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை ஆலையின் சரக்கு அது. முக்கியமான நிகழ்ச்சி எதையும் அதில் எடுக்காதீர்கள். பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப் கூடுதல் ஒளி என்பது பொதுக்கணக்கு. முப்பதாண்டு கடந்த, வேகம் 100 உள்ள ரோலுக்கு மீட்டரில் 12 என வைத்துக்கொண்டு, திறந்த வெயிலில் ஒவ்வொரு காட்சியையும் அதற்குக் கீழும் மேலுமாகச் சேர்த்து மூன்று முறை எடுங்கள். எடுத்த பின் வண்ண பிலிம் கழுவும் லேபில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். சி-41 முறையின் பிளீச்சும் ஃபிக்ஸரும் படத்தில் உள்ள வெள்ளி முழுவதையும் நீக்கிவிடும், கைக்கு வருவது வெற்றுச் சுருள்தான்.