மீகடத்தி: வாசகர் கேள்விகள்

கேள்வி: மின்தடையின்றி மின்னோட்டம் பாயும் புதிய மீகடத்திப் படிகம் ஒன்றில் காந்தப்புலம் ஊடுருவும் ஆழத்தை அளந்தோம். தாழ்வெப்பநிலையில் அது வெப்பநிலையின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. எலெக்ட்ரான் இணைகள் டி-அலை வகை (இணையின் அலை திசைக்கேற்பக் குறி மாறும் வகை) என்று முடிவு கட்டலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். தூய டி-அலை மீகடத்தியில் ஆற்றல் இடைவெளி (இணையை உடைக்கத் தேவையான ஆற்றல்) சில திசைகளில் சுழியாகிவிடும்; அதனால் ஆழம் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் கூடும். 1993இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகக் குழு இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடின் தூய படிகத்தில் கண்டது இதைத்தான். அதே பொருளின் மெல்லேடுகள் முன்பு இருமடியைக் காட்டி எல்லோரையும் குழப்பின. காரணம் மாசும் படிகக் குறைகளும். சிக்கல் என்னவென்றால், இரும்பு மீகடத்திகளில் பேசப்படும், குறி மாறும் எஸ்-அலையும் (எஸ்-அலையில் இடைவெளி பொதுவாக எத்திசையிலும் சுழியாவதில்லை) மாசு சேர்ந்தால் இருமடியையே தரும்.

முதலில், மீகடத்தல் தொடங்கும் மாறுநிலை வெப்பநிலையில் 0.3 மடங்குக்குக் கீழுள்ள தரவை மட்டும் பொருத்திப் பாருங்கள். அதற்கு மேல் இடைவெளியே சுருங்கத் தொடங்குவதால் அடுக்கு எண் (ஒருமடியா, இருமடியா என்பது) பொருளிழக்கும். பிறகு, எலெக்ட்ரான் கற்றையால் படிகத்தில் குறைகளைப் படிப்படியாகக் கூட்டி ஒவ்வொரு முறையும் அளவிடுங்கள். சமச்சீர்மை கட்டாயப்படுத்தும் சுழிகள் இதனால் மறைவதில்லை. தற்செயலான சுழிகள் மறைந்து முழு இடைவெளி திறக்கக்கூடும். நியோடிமியம் போன்ற காந்த அயனி படிகத்தில் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அதன் காந்தத்தன்மை தாழ்வெப்பநிலைத் தரவை வளைத்து, டி-அலையை எஸ்-அலைபோலக் காட்டிவிடும்.

இவ்வளவு செய்தாலும் தெரிவது இடைவெளியின் அளவுதான், குறி அல்ல. குறிக்கு, இணை அலையின் கட்டத்தை (phase) உணரும் சோதனை வேண்டும். 1994இல் ஐபிஎம் ஆய்வகத்தில் சுயியும் கிர்ட்லியும் திசை மாறிய மூன்று படிகங்கள் சந்திக்கும் அடித்தளத்தில் வளையங்கள் அமைத்தார்கள். படிக எல்லைகளைக் கடக்கும் மூன்று சந்தி கொண்ட வளையத்தில் மட்டும் அரைக் காந்தப்பாய அலகு (மீகடத்தி வளையத்தில் வழக்கமாக அடைபடும் மிகச்சிறு பாயத்தில் பாதி), அதாவது சுமார் 1.03 × 10⁻¹⁵ வெபர், தானாகத் தோன்றியது; குறி மாறுவதன் அடையாளம் அது. அதே சில்லில் இருந்த மற்ற வளையங்களில் அது தோன்றாததே சோதனையின் பலம்; ஒப்பீட்டு வளையம் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். வளையத்தின் தூண்டலையும் சந்தியின் மாறுநிலை மின்னோட்டத்தையும் பெருக்கினால் வரும் மதிப்பு, பாய அலகைவிடப் பல மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். இல்லையேல் அரை அலகு முழுமையாக உருவாகாது.

கேள்வி: ஸ்ட்ரான்சியம் ருத்தனேட் என்ற மீகடத்தியின் நைட் பெயர்ச்சி (எலெக்ட்ரான் தற்சுழற்சிகளால் அணுக்கருவின் ஒத்ததிர்வு அதிர்வெண் நகர்வது) முடிவு ஏன் தலைகீழானது?

பதில்: அளவீட்டுக்குச் செலுத்திய ரேடியோ துடிப்பின் சூடுதான் காரணம். 1998இல், மாறுநிலை வெப்பநிலையான சுமார் 1.5 கெல்வினுக்குக் கீழும் பெயர்ச்சி மாறாததால், இணைகளின் தற்சுழற்சிகள் ஒரே திசையில் உள்ளன என்று கருதினார்கள். 2019இல் துடிப்பின் ஆற்றலைக் குறைத்ததும் பெயர்ச்சி இறங்கியது; அந்தக் கருத்தும் விழுந்தது. முன்பு ஒவ்வொரு துடிப்பும் மாதிரியைக் கணநேரம் மீகடத்தல் இல்லாத இயல்நிலைக்குத் தள்ளியிருந்தது. வெப்பமானி இதைக் காட்டாது. அது மாதிரிக்கு வெளியே இருக்கிறது. துடிப்பின் ஆற்றலைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள்; பெயர்ச்சி மேலும் மாறாத நிலை வந்த பிறகே அந்த எண்ணை ஏற்றுக்கொள்ளுங்கள்.